ஈர்ப்பு விசை எத்தனை மடங்கு பலவீனம்? இரண்டு பலூன்களில் அளந்து பார்க்கும் முறை

ஈர்ப்பு, மின்காந்த விசை, வலிமையான, வலிமை குறைந்த அணுக்கரு விசைகள் என்னும் நான்கு அடிப்படை விசைகளில் ஈர்ப்புதான் ஆகப் பலவீனமானது. எவ்வளவு பலவீனம் என்பதை மின்விசையோடு ஒப்பிட்டு வீட்டிலேயே கணக்கிடலாம்.

ஊதினால் 25 செ.மீ. விட்டம் வரும் இரண்டு பலூன்கள், மெல்லிய நைலான் நூல், ஒரு ஸ்கேல் போதும். பருத்தி நூல் வேண்டாம்; ஈரத்தை இழுத்து மின்னூட்டத்தைக் கசியவிடும். ஊதாத பத்துப் பலூன்களைச் சேர்த்து எடைபோட்டுப் பத்தால் வகுத்தால் ஒன்றின் எடை கிடைக்கும். அது 2.5 கிராம் என்று கொள்வோம்.

இரண்டையும் ஒரே ஆணியில் தொங்கவிடுங்கள். ஆணியிலிருந்து பலூனின் மையம் வரை 1 மீட்டர் இருக்கட்டும். எண்ணெய் தடவாத தலைமுடியிலோ கம்பளித் துணியிலோ பலூன்களைச் சுற்றிலும் தேயுங்கள். கையை எடுத்ததும் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கிட்டே போனால் பலூன் உங்கள் உடலை நோக்கி இழுபடும். அதனால் கீழே ஸ்கேலை வைத்து, தள்ளி நின்று போனில் படமெடுத்து அளப்பதே நல்லது. விலகவே இல்லையென்றால் பெரும்பாலும் காற்றின் ஈரப்பதம்தான் காரணம். கடலோர ஊர்களில் ஏசி அறையில் செய்யுங்கள்.

மையங்களுக்கு இடையே 40 செ.மீ. என்றால், ஆணிக்கு நேர் கீழே ஆழம் 98 செ.மீ. பலூனின் எடை 0.0245 நியூட்டன். ஒவ்வொரு பலூனும் நேர்கோட்டிலிருந்து 20 செ.மீ. (40-இல் பாதி) விலகியிருப்பதால், எடையை 20/98-ஆல் பெருக்கினால் மின்விசை: 0.005 நியூட்டன்.

இனி பலூன்களுக்கு இடையிலான ஈர்ப்பு. பலரும் தவறுவது இங்கேதான். தொங்கும் எடைக்கு ரப்பரை மட்டும் எடுத்தோம், ஏனென்றால் உள்ளிருக்கும் காற்றின் எடையை வெளிக்காற்றின் மிதப்பு விசை ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகிறது. ஈர்ப்புக் கணக்கிலோ உள்ளே இருக்கும் சுமார் 10 கிராம் காற்றையும் சேர்க்க வேண்டும். மொத்தம் 12.5 கிராம். நியூட்டனின் ஈர்ப்புச் சூத்திரத்தில் (ஈர்ப்பு மாறிலி × இரு நிறைகளின் பெருக்கல் ÷ தூரத்தின் இருமடி) போட்டால் 6.5 × 10⁻¹⁴ நியூட்டன். மின்விசை இதைப்போல் சுமார் 7,700 கோடி மடங்கு!

இது தோராயம்தான், மின்னூட்டம் பலூன் முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. இன்னும் நன்றாகத் தேய்த்தால் மடங்கும் கூடும். தேய்ப்பைச் சாராத எண் வேண்டுமானால் துகள்களுக்குப் போக வேண்டும். இரண்டு விசைகளும் தூரத்தின் இருமடிக்கு ஏற்பவே குறைவதால், வகுக்கும்போது தூரம் அடிபட்டுப்போகும். இரு புரோட்டான்களுக்கு இடையே மின்விசை ஈர்ப்பைப்போல் 1.2 × 10³⁶ மடங்கு. இரு எலக்ட்ரான்களுக்கு 4.2 × 10⁴² மடங்கு. ஆகவே எந்தத் துகள் என்று சொல்லாமல் மடங்கை மட்டும் சொன்னால் பொருளில்லை.

இவ்வளவு பலவீனமான விசை கோள்களை ஆள்வது எப்படி? மின்னூட்டத்தில் நேரும் எதிரும் உண்டு. பெரிய பொருள்களில் அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். நிறை கூடிக்கொண்டே போகும், கழியாது.

அணுக்கரு விசைகளுக்கு இந்த எளிய வகுத்தல் செல்லாது. வலிமையான அணுக்கரு விசை 10⁻¹⁵ மீட்டர் அளவில் மின்விசையைப்போல் ஏறக்குறைய 100 மடங்கு. சற்று விலகினாலே மங்கிவிடும். வலிமை குறைந்த அணுக்கரு விசையின் எல்லை 10⁻¹⁸ மீட்டர் அளவுதான், ஏனென்றால் அதைச் சுமக்கும் துகள்கள் புரோட்டானைப்போல் 80 மடங்குக்கும் மேல் கனமானவை. ஆகையால் இவ்விரண்டையும் ஒப்பிடும்போது துகளோடு தூரத்தையும் சேர்த்தே குறியுங்கள்.