ஒளியை முந்துதலும் கடந்த காலத்தைப் பார்த்தலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒளியைவிட வேகமாகச் சென்றால் கடந்த காலத்துக்கே போய்விடலாம் என்று சொல்பவர்கள், கடந்த காலத்தைப் பார்ப்பதையும் அங்கே செல்வதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மற்றப் பிழைகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. பழையதைப் பார்ப்பதற்கு எந்த விண்கலமும் தேவையில்லை. நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளிக்கே சூரியனிலிருந்து நம்மை அடைய 8 நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவும், ஆண்ட்ரோமெடா விண்மீன்திரளிலிருந்து ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகளும் ஆவதால், வானை அண்ணாந்து பார்க்கும் ஒவ்வொருவரும் பழைய காட்சியையே காண்கிறார்கள். அதற்காக, கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களில் பெரும்பாலானவை இந்நேரம் அழிந்திருக்கும் என்று முடிவுகட்டக் கூடாது. அவை பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள் (ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு) இருப்பவை, அவற்றின் ஆயுளோ கோடிக்கணக்கான ஆண்டுகள்.

ஒளியைப்போல் 10 மடங்கு வேகத்தில் ஒரு கலம் செல்வதாக வாதத்துக்காக வைத்துக்கொள்வோம். 100 ஒளியாண்டுத் தொலைவை 10 ஆண்டுகளில் அடைந்து திரும்பிப் பார்த்தால், தான் புறப்படுவதற்கு 90 ஆண்டுகளுக்கு முன் பூமியைவிட்டுக் கிளம்பிய ஒளி அங்கே தெரியும். அந்த ஒளி வெறும் தடயம். அன்று நடந்த எதையும் அதன் வழியே மாற்ற முடியாது. தெளிவாகப் பார்ப்பதும் எளிதன்று. அத்தொலைவிலிருந்து பூமியில் 1 மீட்டர் அளவுள்ள பொருளைப் பிரித்தறிய ஏறக்குறைய 58 கோடி கிலோமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வேண்டும். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவில் அது கிட்டத்தட்ட 4 மடங்கு. பழங்காலப் போர்களை நேரில் பார்த்துவிடலாம் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

விவரம் அறிந்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தக் கலம் அதே வேகத்தில் திரும்பினால், புறப்பட்டு 20 ஆண்டுகள் கழித்துத்தானே வந்துசேரும், இதில் காரண காரியத் தொடர்புக்கு என்ன கேடு என்று அவர்கள் கேட்கிறார்கள். பூமியின் கடிகாரத்தை மட்டும் நம்புவதால் எழும் கேள்வி இது. எந்த நிகழ்ச்சி முந்தியது என்பதே, ஒளியை மிஞ்சும் பயணங்களில், பார்ப்பவரின் இயக்கத்தைப் பொறுத்து மாறிவிடும் என்பது ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டின் முடிவு. ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கில் பூமியைவிட்டு விலகிச் செல்லும் ஒருவரிடமும் அதேபோன்ற கலம் இருந்தால், பூமியின் கலம் வழியே அவரைச் சென்றடைந்த செய்திக்கு அவர் தம் கலத்தில் அனுப்பும் பதில், அந்தச் செய்தி பூமியிலிருந்து புறப்படுவதற்கு முன்பே அங்கு வந்துவிடும். ஐன்ஸ்டைன் 1907இலேயே இச்சிக்கலைக் கவனித்தார். ஆகவே ஆபத்து இருப்பது பார்ப்பதில் அன்று, செய்தி அனுப்புவதில்தான்.

ஒரே ஓர் அளவீட்டை நம்பிச் சார்பியல் கோட்பாட்டைத் தள்ளிவிடுவதும் தவறு. 2011இல் ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்கு நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியைவிடச் சுமார் 60 நானோநொடி (நொடியின் நூறு கோடியில் 60 பங்கு) முன்னதாக வந்ததாக, ஓபரா என்னும் ஆய்வுக் குழு அறிவித்தது. சரியாகப் பொருத்தப்படாத ஒளியிழை இணைப்பே முதன்மைக் காரணம் என்று 2012இல் தெரிந்தது. அந்த வேகம் உண்மையாக இருந்திருந்தால், ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டுத் தொலைவில் வெடித்து 1987இல் தென்பட்ட சூப்பர்நோவாவின் (வெடித்துச் சிதறும் விண்மீன்) நியூட்ரினோக்கள் ஒளிக்கு 4 ஆண்டுகள் முன்னதாக வந்திருக்க வேண்டும். அவை முந்தியதோ சில மணி நேரம். அதுவும் ஒளி அந்த விண்மீனின் உடலைத் துளைத்து வெளியேறத் தாமதமானதால்.

நம்மைக் கடந்துபோன ஒளியை மறுபடி காண அதைத் துரத்த வேண்டும் என்பதும் தவறான எண்ணமே. 1572 நவம்பரில் டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகே கண்ட சூப்பர்நோவாவின் ஒளியில் ஒரு பகுதி, வேறு திசையில் சென்று தூசுமேகத்தில் பட்டுச் சிதறி, சுற்றுவழியாக வந்து, 2008இல் ஹவாயிலுள்ள சுபாரு தொலைநோக்கியில் விழுந்தது. அந்த ஒளியை நிறம்நிறமாகப் பிரித்துப் பெற்ற நிறமாலையிலிருந்து, அன்று வெடித்தது ஒரு வெள்ளைக் குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின் எச்சம்) என்று 436 ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தது.