எரிபொருள் பம்புக்கும் பிரைமருக்கும் சுவிட்ச் வயரிங் செய்யும் முறை

ஆர்வி-7 போல இறக்கை தாழ்வாக அமைந்த, நாமே கட்டும் விமானங்களில் எரிபொருள் தொட்டிகள் கார்புரேட்டரைவிட மேலே இருப்பதில்லை என்பதால், பெட்ரோல் தானாக இறங்கி எஞ்சினுக்கு வராது. எஞ்சின் இயக்கும் பம்ப், எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பும், புறப்படும்போதும் இறங்கும்போதும் அந்தப் பம்ப் பழுதானால் கை கொடுக்கவும் மின்சாரப் பம்ப் ஒன்று தேவை. பிரைமர் என்பது, குளிர்ந்த எஞ்சினின் சிலிண்டர்களுக்கு நேராகச் சிறிது பெட்ரோலை அனுப்பும் சோலினாய்டு வால்வு, அதாவது மின்சுருளின் காந்த இழுப்பால் திறக்கும் வால்வு. பம்ப் தரும் அழுத்தம் இல்லாமல் அந்த வால்வைத் திறந்து பயனில்லை. கார்புரேட்டர் வைத்த லைகமிங் ஓ-360 எஞ்சினும் 12 வோல்ட் மின்னமைப்பும் உள்ள விமானத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

பம்புக்கு, தள்ளிவிட்டால் அந்த நிலையிலேயே நிற்கும் டாகிள் சுவிட்ச் வேண்டும். பிரைமருக்கு, விரலை எடுத்தவுடன் ஸ்பிரிங்கால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்தான் வேண்டும். இதில் சமரசம் கூடாது. பிரைமர் திறந்தே கிடந்தால் பெட்ரோல் கௌலிங்கின் (எஞ்சினை மூடும் உறையின்) அடிப்பகுதியில் சொட்டும், ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் ஒருமுறை பேக்ஃபயர் ஆகி நெருப்பு பின்னோக்கி வந்தாலே தீப்பிடிக்கும். இரண்டையும் ஒரே மூன்று நிலைச் சுவிட்சில் அடக்குவோரும் உண்டு. பேனலில் ஒரு துளை மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் இறங்கும் அவசரத்தில் பம்பைப் போடும் கை, ஒரு நிலை தாண்டிப் பிரைமரையும் தள்ளிவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

மின்சாரத்தின் பாதை இப்படி இருக்கட்டும்: பஸ்ஸிலிருந்து (எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் பிரியும் பட்டையிலிருந்து) 5 ஆம்பியர் பிரேக்கர், அங்கிருந்து பம்ப் சுவிட்ச், அங்கிருந்து விமானங்களுக்கான 20 கேஜ் டெஃப்செல் வயரில் பம்ப். ஃபேசெட் நிறுவனத்தின் சிறிய மின்சாரப் பம்ப் இழுக்கும் ஒன்றிரண்டு ஆம்பியருக்கு இது தாராளம். பிரைமருக்கான கிளையைப் பம்ப் சுவிட்சின் வெளியேறும் முனையிலிருந்து எடுத்தால், பம்ப் ஓடாதபோது பிரைமர் சுவிட்சில் கை பட்டாலும் வால்வு திறக்காது. ஆனால் இந்த வசதிக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. எஞ்சின் பக்கம் சூட்டில் கிடக்கும் பிரைமர் வயர் உரசி உடலோடு ஷார்ட் ஆனால், 5 ஆம்பியர் பிரேக்கர் விழுந்து, அதனோடு பம்பும் நின்றுவிடும். ஆகவே கிளை பிரியும் இடத்திற்கு மிக அருகிலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வயரோடு இணைத்துவிடுங்கள். வெப்பத்தால் இயங்கும் பிரேக்கர் மெதுவாகவே விழும், ஃபியூஸ் அதற்குள் போய்விடும், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். 2 ஆம்பியர் போதுமா என்று ஐயம் இருந்தால் சோலினாய்டு சுருளை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 15 ஓம் காட்டினால், 12 வோல்ட்டில் அது இழுப்பது ஓர் ஆம்பியருக்கும் குறைவு.

டாகிள் சுவிட்சில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நெம்புகோல் மேலே இருக்கும்போது, உள்ளே நடு முனையோடு இணைவது கீழ் முனை. மேலே தள்ளினால் ‘ஆன்’ ஆக வேண்டுமென்றால் நடு முனைக்கும் கீழ் முனைக்கும் வயர் கொடுக்க வேண்டும். நானும் முதல் சுவிட்சைத் தலைகீழாக இணைத்துவிட்டு, பம்ப்தான் பழுது என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். வயர் முனைகளை ராட்செட் கிரிம்பர் என்ற அழுத்தும் கருவியால் அழுத்தி, ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். சாதாரண இடுக்கியால் நசுக்கிய முனை, அதிர்வில் ஒருநாள் கழன்று வரும்.

சோலினாய்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒன்றைப் போடுங்கள். அதன் உடலில் வெள்ளிப் பட்டை இருக்கும் முனை பாசிட்டிவ் பக்கம் வர வேண்டும். சுவிட்சை விடும் கணத்தில் சுருளில் எழும் மின்னழுத்த உதை சுவிட்சின் தொடுமுனைகளைத் தீய்த்துவிடாமல் இது தாங்கிக்கொள்ளும். தலைகீழாகப் போட்டால், முதல் அழுத்தத்திலேயே ஃபியூஸ் போய்விடும். எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் இடையிலுள்ள தீத்தடுப்புச் சுவரான ஃபயர்வாலை வயர் கடக்கும் துளையில், உலோகக் கவசமுள்ள குரோமெட் (துளையின் விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம்) வையுங்கள். வெறும் ரப்பர் தீயில் நிற்காது. எர்த் வயர்களை ஆங்காங்கே கண்ட போல்ட்டில் மாட்டாமல், ஃபயர்வாலில் உள்ள ஒரே எர்த் இடத்திற்குக் கொண்டுவாருங்கள்.

சோதனையைப் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே தொடங்குங்கள். பேட்டரியை இணைத்துப் பம்ப் சுவிட்சைப் போட்டால் ‘டக் டக்’ என்ற ஓசை கேட்க வேண்டும். உலர்ந்த பம்பை நெடுநேரம் ஓட விடாதீர்கள். பம்ப் ஓடும்போது பிரைமரை அழுத்தினால் வால்விலிருந்து ஒரே ஒரு ‘டக்’ வரும். பம்பை அணைத்துவிட்டு அழுத்தினால் எதுவும் வரக் கூடாது. பிறகு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திறந்த வெளியில் பெட்ரோல் ஊற்றி, பம்பைப் போட்டு, அழுத்தமானி 0.5 முதல் 8 பிஎஸ்ஐக்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) நிற்கிறதா என்று பாருங்கள். வால்வுக்கு அப்பால் உள்ள பிரைமர் குழாயைச் சிலிண்டர் பக்கம் கழற்றி, கண்ணாடிக் குப்பி ஒன்றில் விட்டுவிட்டு, பிரைமரைத் தொடாமல் பம்பை மட்டும் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். குப்பி உலர்ந்தே இருக்க வேண்டும். ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் வால்வு மூடி அமரும் இருக்கையில் தூசியோ உலோகத் துகளோ சிக்கியிருக்கிறது என்று பொருள். அந்த வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து, இதே சோதனையை மறுபடி முடித்த பிறகே கௌலிங்கை மூடுங்கள்.