சோழ இளவரசர்களைப் பத்தி எழுதப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேணாம்

சோழர் வரலாறு எழுத ஆரம்பிக்கிற பசங்க அவங்க டிராஃப்டை எனக்கு அனுப்புவாங்க, படிச்சுப் பார்த்துச் சொல்லுவேன். எங்க செட் ஆளுங்க ஒரு காலத்துல பண்ணின அதே கூத்து இப்பவும் அச்சு அசலா வருது. நாவல்ல வர்ற கேரக்டரை நிஜ ஆள்னு நம்புறது, உத்தம சோழனுக்கும் மதுராந்தகன்னு பேரு ராஜேந்திரனுக்கும் அதே பேருங்கிறதால ரெண்டையும் கலக்குறது, இதையெல்லாம் விட்டுடுறேன். ரெண்டு வாட்டி அடிபட்டா தானா சரியாயிடும். சரியாகாத ஐட்டம் மட்டும் இங்க.

சின்ன வயசை நீங்களா நிரப்புறது

ராஜேந்திரன் எந்தக் குருகிட்ட படிச்சான், எந்த வயசுல வாள் எடுத்தான்னு ஒரு கல்வெட்டும் சொல்லாது. கல்வெட்டு எழுதினது நிலம், வரி, விளக்கு, நெய் கணக்குக்கு, இளவரசன் டைரிக்கு இல்ல. பட்டீஸ்வரம் பக்கத்துல பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் காலத்துப் பள்ளிப்படை (இறந்தவங்க நினைவா எடுக்கிற கோயில்) இருக்கு, சிற்றன்னைக்கு எடுத்தது, அது உண்மை. ஆனா அந்த ஒரு கோயிலை வச்சுக்கிட்டு அவங்கதான் இடுப்புல தூக்கி வளர்த்தாங்க, இவனுக்காகவே குழந்தை பெத்துக்கலன்னு நாலு பாரா ஓட்டுறாங்க பாருங்க, அங்கதான் எனக்குச் சிரிப்பு வரும்.

வளர்ப்பைப் பத்தி எழுதணும்னா இளவரசனுங்களுக்கு என்ன வேலை குடுத்தாங்கன்னு பாருங்க. 1007ல கர்நாடகத்து ஹொட்டூர்ல சாளுக்கியர் தரப்புல வெட்டின கல்வெட்டு, ஒன்பது லட்சம் படையோட வந்து நாட்டைப் பாழாக்கினான்னு சோழனைத் திட்டுது, அதுல ராஜேந்திரன் பேரு இருக்கு. அப்ப அவன் இன்னும் பட்டத்துக்கு வரல. ஒன்பது லட்சத்தை அப்படியே நம்ப வேணாம், எதிரி எழுதினது. ஆனா வாரிசைப் படையோட எல்லைக்கு அனுப்பினாங்கன்னு அதுல தெரியுது. அதே ராஜேந்திரன் பின்னாடி தன் மகன் ஒருத்தனைச் சோழபாண்டியன்னு பட்டம் குடுத்து மதுரையில உட்கார வச்சதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுது. பாடம் படிச்சது இந்த மாதிரி இடத்துலதான்.

அப்பா செத்த வருஷத்துல இருந்து கூட்டுறது

இதுதான் எனக்கு இன்னமும் எரிச்சல் வர்ற விஷயம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

எல்லாரும் சோழர் பட்டத்தை ரிலே ரேஸ் மாதிரி நினைச்சுக்கிறாங்க, அப்பா கீழ விழுந்தார், மகன் குச்சியை வாங்கிட்டு ஓடினான்னு. நெட்ல கிடைக்கிற பட்டியலும் அப்படித்தான் இருக்கு: ராஜராஜன் 985 - 1014, ராஜேந்திரன் 1014 - 1044, ராஜாதிராஜன் 1044 - 1054. பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா ராஜேந்திரனுக்கு அப்பா உயிரோட இருக்கறப்பவே 1012ல இளவரசுப் பட்டம் கட்டியாச்சு, அவன் கல்வெட்டெல்லாம் அந்த வருஷத்துல இருந்துதான் எண்ணும். ராஜாதிராஜன் கதை இன்னும் மோசம், அவனுக்கு 1018லயே முடி சூட்டிட்டாங்க, அப்பா போனது 1044. அதாவது சுமார் 26 வருஷம் அப்பனும் மகனும் சேர்ந்தே ஆண்டிருக்காங்க, ரெண்டு பேருக்கும் தனித்தனி ஆட்சியாண்டு ஓடியிருக்கு.

ஒரு ஊர்ல திருப்பணி முடிஞ்சு கோயில் வரலாறு எழுதினாங்க. எழுதினது ஆர்வமான பையன், கல்வெட்டு அறிக்கையெல்லாம் தேடிப் பிடிச்சுப் படிச்சிருக்கான், அதுல குறை சொல்ல முடியாது. கோயில்ல இருக்கறது ராஜாதிராஜனோட 31ஆவது ஆட்சியாண்டுக் கல்வெட்டு. தம்பி 1044ஓட 31ஐக் கூட்டி 1075னு போட்டுட்டான். புக்லெட்ல மட்டும் போட்டிருந்தா ஸ்டிக்கர் ஒட்டியாச்சும் சமாளிச்சிருக்கலாம், வாசல்ல கருப்பு கிரானைட்ல வெட்டி, எழுத்துக்குத் தங்கக் கலர் அடிச்சு, பெரிய மனுஷங்களை வச்சுத் திறந்தும் வச்சுட்டாங்க. 1075ல ராஜாதிராஜன் செத்து 21 வருஷம், அரியணையில குலோத்துங்கன் உட்கார்ந்து அஞ்சு வருஷம் ஆகுது. ராஜாதிராஜன் ஆண்டதே பத்து வருஷம்னு மேல் வரியில எழுதிட்டு அடுத்த வரியிலயே 31ஆம் ஆண்டுன்னா எப்படிடான்னு ஒருத்தருக்குக்கூட தோணல பாருங்க! சரியான கணக்கு 1018ல ஆரம்பிச்சு 1048 - 49ல வந்து நிக்கும். கல்லை மாத்தணும்னா யாரு காசு குடுக்கறதுன்னு இழுத்துக்கிட்டே இருக்காங்க, போர்டு இன்னும் அங்கதான் நிக்குது. இப்ப அதை போட்டோ எடுத்து வேற ரெண்டு பேரு ஆதாரமா காட்டுறாங்க.

கணக்கு போடுற விதம் சிம்பிள்தான். இளவரசா முடிசூடின வருஷத்தை எடுங்க, 31ஆவதுன்னா நடக்குற வருஷம், அதனால ஒண்ணு கழிச்சுட்டு 30ஐக் கூட்டுங்க. ராஜேந்திரனோட கடாரப் (இன்னிக்கு மலேசியாவுல இருக்கற கெடா) படையெடுப்பு 14ஆவது ஆட்சியாண்டுக் கல்வெட்டுல வருது, 1012 கூட்டல் 13, 1025. எல்லாரும் சொல்ற வருஷம் இதுதானே? 1014ல 14ஐக் கூட்டிப் பாருங்க, 1028 வரும், எதோடயும் ஒட்டாது. ராஜா யாருன்னே சந்தேகம்னா மெய்க்கீர்த்தியோட (கல்வெட்டு ஆரம்பத்துல வர்ற ராஜா புகழ்ப் பாட்டு) முதல் வார்த்தையைப் பாருங்க. "திருமகள் போல"ன்னா ராஜராஜன், "திருமன்னி வளர"ன்னா ராஜேந்திரன், "திங்களேர் தரு"ன்னா ராஜாதிராஜன். கிழமையும் நட்சத்திரமும் இருந்தா இன்னும் நல்லது, தேதியே கிடைச்சுடும்.

ஏன் இப்படி மகனுக்கு முன்கூட்டியே பட்டம் கட்டினாங்கன்னு கேட்டா, 949ல நடந்த தக்கோலம் போரைப் பாருங்கன்னு சொல்லுவேன். முதல் பராந்தகன் உயிரோட இருக்கறப்பவே பட்டத்து இளவரசன் ராஜாதித்தன் களத்துல செத்துப் போறான். அப்புறம் தம்பி கண்டராதித்தன், அடுத்த தம்பி அரிஞ்சயன், அவர் மகன் சுந்தர சோழன், திரும்ப கண்டராதித்தன் மகன் உத்தமன்னு கிளை மாறி மாறித் தாவுது. சுந்தர சோழனோட மூத்த பையன், ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலனும் பட்டம் கட்டினவன்தான், அவனையும் கொன்னுட்டாங்க. இவ்வளவையும் வீட்டுக்குள்ளயே பார்த்து வளர்ந்த ராஜராஜன் தன் மகன் விஷயத்துல ரிஸ்க் எடுப்பாரா என்ன? இது என் கணிப்புதான், கல்வெட்டு காரணமெல்லாம் எழுதாது.

இதே வழியில ரெண்டாம் ராஜேந்திரனையும் சரியா வைங்க. 1054ல சாளுக்கியரோட நடந்த கொப்பம் போர்ல அண்ணன் ராஜாதிராஜன் யானை மேலயே விழ, தம்பி அந்தக் களத்துலயே முடி சூடினதா மெய்க்கீர்த்தி சொல்லும். சீன் சூப்பர்தான். ஆனா அவன் ஆட்சியாண்டு 1052ல இருந்தே ஓடுது, அண்ணன் தன் பசங்களை விட்டுட்டுத் தம்பியை முன்னாடியே வாரிசாக்கிட்டார்.

கோப்பரகேசரின்னு பார்த்ததும் ஆளை முடிவு பண்றது

கோப்பரகேசரிங்கிறது ஒரு ஆளோட பேரு இல்ல, பல சோழர் வச்சுக்கிட்ட பட்டம். முதல் பராந்தகன் பரகேசரி, ஆதித்த கரிகாலன் பரகேசரி, உத்தமனும் பரகேசரி. அவ்ளோதான்.

யானைமேல் துஞ்சியவர்

யானை மேலயே செத்தவர்னு அர்த்தம், ஒரே ஆள்னு நினைக்காதீங்க. ரெண்டு பேரு. தக்கோலத்துல ராஜாதித்தன், கொப்பத்துல ராஜாதிராஜன்.

உடையார்குடிக் கல்வெட்டைத் தீர்ப்புன்னு சொல்றது

காட்டுமன்னார்கோயில் அனந்தீஸ்வரர் கோயில்ல இருக்கற அந்தக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்னவங்க சொந்தபந்தத்துக்கிட்ட இருந்து பறிச்ச நிலத்தை ஒருத்தர் விலைக்கு வாங்கி தர்மத்துக்கு எழுதி வச்ச கதை. ராஜராஜனோட 2ஆவது ஆண்டு. சோமன், ரவிதாசன்னு பேரெல்லாம் இருக்கு, யாரு தூண்டினதுன்னு ஒரு எழுத்தும் இல்ல. உத்தமன்தான் பண்ணினான்னு சொல்ற ஆளுங்க ஒண்ணைக் கவனிக்கணும்: ஊரே கேட்டும், சித்தப்பா உத்தமனுக்கு ஆசை இருக்கற வரைக்கும் எனக்கு நாடு வேணாம்னு அருள்மொழி (பின்னாடி ராஜராஜன்) விட்டுக் குடுத்தான், அடுத்த வாரிசு அருள்மொழிதான்னு முடிவாச்சுன்னு திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்ததும் உத்தமனோட பையன் மதுராந்தகன் கண்டராதித்தனை ஒதுக்கவும் இல்ல, கோயில் காரியம் விசாரிக்கிற பெரிய பொறுப்புல வச்சிருந்தார். செப்பேடு ராஜேந்திரன் காலத்துது, தாத்தன் பாட்டன் பெருமை பேசத்தான் செய்யும், அதையும் மனசுல வச்சுக்கிட்டே படிங்க.

குலோத்துங்கனை வெளியாள்னு எழுதுறது

1070ல வந்தவர் அப்பா வழியில வேங்கிச் சாளுக்கியர், சரி. அம்மா அம்மங்கதேவி ராஜேந்திரனோட மகள், அப்பாவைப் பெத்த பாட்டி குந்தவை ராஜராஜனோட மகள், பொண்டாட்டி மதுராந்தகி ரெண்டாம் ராஜேந்திரனோட மகள். அவருக்கு முன்னாடி ஆண்ட அதிராஜேந்திரன் எப்படிச் செத்தான்னு சண்டை போடுங்க, தப்பே இல்ல. அதுக்கு முன்னாடி இந்த மூணு கல்யாணத்தையும் ஒரு பேப்பர்ல கோடு போட்டுப் பார்த்துட்டு வாங்க.