ஐப்பசி மழையில் மாடித்தோட்டம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்ததும் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் புதிதாக மாடித்தோட்டம் தொடங்குவார். கார்த்திகை தீபத்துக்குள் அதில் பாதிப் பைகள் காலியாகிவிடும். நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வெயில் படும் இடமாகப் பாருங்கள், விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்துக்கே உரியவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஈர மண்ணில் வாடும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது

இத்தனை வருடம் கழித்தும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். காசும் இதில்தான் அதிகம் போகிறது.

போன வருடம் இரண்டு வீடு தள்ளியிருக்கும் பெண் ஒருத்தி கூப்பிட்டாள். "அக்கா, தக்காளி எல்லாம் தலை தொங்கிப்போச்சு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணி ஊத்துறேன், தேறவே மாட்டேங்குது." மேலே போய்ப் பார்த்தேன். புதுப் பை, காசு கொடுத்து வாங்கிய மண்கலவை, நல்ல நாற்று. எல்லாப் பைகளும் தளத்தோடு தளமாக உட்கார்ந்திருந்தன. அதற்கு முந்தைய வாரம் முழுக்க மழை. ஒரு பையைச் சாய்த்ததும் அடியிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் வழிந்தது, சாக்கடை வாடையோடு. செடியை இழுத்தபோது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வேர் பழுப்பாக இருந்தது. விரலால் உருவினால் மேல்தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது.

நடப்பது இதுதான். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் காற்று இருக்க வேண்டும். அங்கே தண்ணீர் புகுந்து வெளியேறாமல் நின்றால் வேருக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, அழுகத் தொடங்கும். வேர் உறிஞ்சாததால் இலை தொங்கும். தாகத்தில் வாடிய செடியும் வேர் அழுகிய செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், பார்த்தவுடனே கை குவளையைத் தேடுகிறது. ஊற்றுகிற ஒவ்வொரு குவளையும் மிச்சமிருக்கும் வேரையும் அழுக வைக்கிறது.

தென்னை நார்க்கழிவு சேர்ந்த கலவை இதில் இன்னும் ஏமாற்றும். ஒரு நாள் வெயில் அடித்தால் மேலே காய்ந்து வெளுத்துவிடும், அடியில் சொதசொதவென்று இருக்கும். ஆகவே மேல்மண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலை இரண்டாவது கணு வரை உள்ளே விட்டுப் பாருங்கள். பையை ஒரு பக்கம் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. வாடும் நேரத்தையும் கவனியுங்கள். உச்சிவெயிலில் தொங்கிச் சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் கவலை இல்லை. விடிகாலையிலேயே, மண் ஈரமாக இருக்கும்போதே தொங்கினால் கோளாறு வேரில்தான்.

அப்போது செய்ய வேண்டியது: தண்ணீரை நிறுத்துங்கள். பையை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடித்துளைகளைக் குச்சியால் குத்தி அடைப்பு எடுங்கள். பக்கவாட்டிலும் அடியிலிருந்து ஓரங்குல உயரத்தில் நாலு துளை போடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். மேல்மண்ணை லேசாகக் கிளறிவிட்டு, இலையில் மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளிவிடலாம். தேற்றுகிறேன் என்று உரம் மட்டும் போடாதீர்கள். வெள்ளை வேர் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும்.

தக்காளி, கத்தரி, மிளகாயில் பாக்டீரியா வாடல் நோயும் இப்படித்தான் காட்டும். தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து அதில் நுனி படும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் வெள்ளையாக இழை இழையாக இறங்கினால் அந்த நோய்தான். அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்த மண்ணில் மறுபடி இந்த மூன்றையும் வைக்கவும் வேண்டாம்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. சென்னை போன்ற கடலோரத்தில் பாதிக்கும் மேல். அந்தக் கணக்குக்குத் தோதாகப் பையைத் தயார் செய்ய வேண்டியது புரட்டாசியில். செம்மண், நன்றாக அலசிய நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு, அடியில் செங்கல். தளத்தில் ஓதம் இறங்காமல் இருக்கவும் இந்தச் செங்கல்தான் உதவும்.

பச்சைச் சாணம்

போடாதீர்கள். மக்கியது மட்டும்.

அடைமழையில் திறந்தவெளியில் விதைப்பது

கீரை விதை ஒரே மழையில் அடித்துக்கொண்டு போய் ஒரு மூலையில் குவியும். தக்காளி, மிளகாய் நாற்று முளைத்துத் தரையோடு தண்டு சூம்பி விழும், அதுதான் நாற்றழுகல். சன்ஷேடுக்குக் கீழே குழித்தட்டில் வளர்த்து, நாலைந்து இலை வந்தபிறகு மாற்றுங்கள். விதை நேர்த்திக்கு, அதாவது விதைக்கும் முன் விதையோடு கலக்க, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயை அடக்கும் நல்ல பூஞ்சை) என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. நம் கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

முள்ளங்கி, கேரட் இரண்டையும் நாற்றாக வளர்த்து மாற்றாதீர்கள். நேரடி விதைப்புதான். பிடுங்கி நட்டால் கிழங்கு கிளை விடும்.

அவரைக் கொடியை அவசரப்பட்டு வெட்டுவது

இது பார்க்கவே மனசு வலிக்கும். ஆடியில் போட்ட பந்தல் அவரை புரட்டாசி வரை இலையும் கொடியுமாகப் படரும், ஒரு பூ இருக்காது. "மலட்டுக் கொடி" என்று சொல்லி வெட்டிவிடுகிறார்கள். நாட்டு அவரைக்குப் பகல் பொழுது குறுகினால்தான் பூக்கத் தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் கொத்துக் கொத்தாகப் பூத்து மார்கழி, தை வரை காய்க்கும். அதற்குள் பொறுமை போய் யூரியா போட்டால் இன்னும் இலைதான் வரும். வருடம் முழுக்கக் காய் வேண்டுமென்றால் குத்தவரை (பந்தல் ஏறாத குத்துச்செடி அவரை) போடுங்கள்.

முள்ளங்கியை மண்ணிலேயே விட்டுவைப்பது

பெருக்கட்டும் என்று காத்திருந்தால் நார் ஏறி உள்ளே சக்கையாகிவிடும். ரகத்தைப் பொறுத்து 30 முதல் 45 நாளில் பிடுங்கிவிடுங்கள். இளம் இலையைத் தூக்கிப் போடாதீர்கள். பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்போடு பொரியல் செய்தால் சோற்றுக்கு அருமையாக இருக்கும்.

அடுப்படியில்

முள்ளங்கி சாம்பாரில் காய் வேகும் முன் புளி ஊற்றக் கூடாது. புளிப்பு சேர்ந்தபின் காய் எவ்வளவு கொதித்தாலும் விறைப்பாகவே நிற்கும். அவரைக்காய்ப் புளிக்கூட்டுக்கும் இதே வரிசைதான்: முதலில் காய், வெந்தபின் புளி.

மழையில் பறித்த கீரையில் மண் தெறித்து அடித்தண்டில் ஒட்டியிருக்கும். குழாயடியில் காட்டினால் போகாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்துக் கீரையை மூழ்க விட்டு, மண் அடியில் தங்கியபின் கீரையை மட்டும் மேலாக அள்ளுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடிகட்டினால் அடியில் தங்கிய மண் திரும்பக் கீரையிலேயே சேரும். தண்ணீர் தெளிவாக வரும்வரை இப்படியே அலசுங்கள். வேகும்போது மூடி வேண்டாம். கீரையிலிருந்து கிளம்பும் அமிலம் ஆவியோடு போக வழியில்லாமல் திரும்பச் சொட்டினால் பச்சை மங்கிப் பழுப்பாகும். அகலமான சட்டியில், திறந்தபடி, ஐந்தாறு நிமிடம் வெந்தால் முளைக்கீரை கடையத் தயார்.