குழந்தை வருமுன் இரண்டாவது கார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும், இருக்கும் ஒரு கார் போதாது என்ற பேச்சும் வீட்டில் எழுகிறது. தேவை நியாயமானதுதான். ஆனால் பலர் முதலில் காரைத் தேர்ந்தெடுத்து, பிறகு கடனைத் தேடி, குழந்தை இருக்கையைக் கடைசியில் வாங்குகிறார்கள். இந்த வரிசையே தலைகீழானது. பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைப்பவை.

பச்சிளங்குழந்தையின் இருக்கை காரின் பின்பக்கத்தை நோக்கியபடி பொருத்தப்படுவது. ஐக்கிய நாடுகளின் ஆர்129 விதியின்படி உருவான இருக்கைகளில், குறைந்தது 15 மாதம் வரை குழந்தை இப்படியே பயணம் செய்ய வேண்டும். இவ்வகை இருக்கை அதிக நீளத்தை எடுத்துக்கொள்வதால், அதற்கு முன்னால் உள்ள இருக்கையை நகர்த்த நேரிடுகிறது. உயரமான ஒருவர் அங்கே உட்கார்ந்தால் முழங்கால் முன்பலகையில் இடிக்கும். விற்பனைக் கூடத்தில் வெறும் பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்த்து, இடம் தாராளம் என்று திருப்தியடைவது ஆகவே பயனற்றது. வாங்க நினைக்கும் குழந்தை இருக்கையைக் கையோடு எடுத்துச் சென்று, வீட்டில் உள்ளவர்களிலேயே மிக உயரமானவரை முன்னால் உட்காரவைத்து, அதைப் பொருத்திப் பார்ப்பதே உண்மையான சோதனை. தள்ளுவண்டியையும் மடித்து டிக்கியில் வைத்துப் பார்ப்பது நல்லது; லிட்டர் கணக்கில் சொல்லப்படும் கொள்ளளவு, டிக்கியின் வாய் எவ்வளவு குறுகல் என்பதைச் சொல்வதில்லை.

குழந்தை இருக்கையைக் காரோடு நேரடியாகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்பதும் போதாது. பல கார்களில் அவை பின்னிருக்கையின் இரு ஓரங்களில் மட்டுமே உள்ளன. சில குழந்தை இருக்கைகளுக்குத் தரையில் ஊன்றும் தாங்குகால் உண்டு; காரின் தரைக்கடியில் பொருள் வைக்கும் பெட்டி இருந்தால், அந்த மூடி மேல் தாங்குகாலை ஊன்றக் கூடாது என்று தயாரிப்பாளர் தடுத்திருக்கலாம். முன்னிருக்கையில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருக்கும்போது, பின்நோக்கிய குழந்தை இருக்கையை அங்கே ஒருபோதும் வைக்கக் கூடாது. மோதலில் விரியும் பை, குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் இருக்கை முதுகைப் பலமாகத் தாக்கும்.

இனிக் கடனுக்கு வருவோம். மாதத் தவணை எவ்வளவு என்ற ஒரே கேள்வியோடு பேரம் பேசுவதே, என் பார்வையில், இவற்றுள் மிகப் பெரிய தவறு. தவணையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக் காட்டலாம். காலத்தை நீட்டினால் போதும். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில், மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவை முறையில், 1,00,000 கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 3 ஆண்டில் அடைத்தால் வட்டி சுமார் 16,000. 7 ஆண்டுக்கு நீட்டினால் தவணை பாதியாகக் குறையும், வட்டியோ 39,000-ஐத் தாண்டும். கார் மதிப்பிழக்கும் வேகத்துக்கு அசல் குறையாததால், நடுவில் விற்க நேர்ந்தால் விற்ற பணம் கடனுக்கே போதாமல் போகலாம். அதே 10 சதவீதத்தை ஃபிளாட் ரேட் என்று சொல்லி 5 ஆண்டுக்குக் கொடுத்தால், உண்மையான வட்டி 17 சதவீதத்துக்கு மேல் போய்விடும். அசல் மாதந்தோறும் குறைந்தாலும் வட்டி தொடக்கத்துத் தொகைக்கே கணக்கிடப்படுவதுதான் காரணம். மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்பது இந்த மயக்கத்தைத் தெளியவைக்கும். வட்டியில்லாக் கடன் என்றால், ரொக்கம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி பறிபோகிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

இன்றைய வருமானத்தை வைத்துத் தவணையை முடிவு செய்வதும் ஆபத்தே. மகப்பேறு விடுப்பில் ஒருவரின் வருமானம் குறையலாம் அல்லது நின்றே போகலாம். செலவோ அதே நேரத்தில் ஏறும். விரலுக்குத் தகுந்த வீக்கமா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. கார் வாங்குவதற்கு முன் 3 மாதம், தவணையோடு காப்பீடு, எரிபொருள், பராமரிப்பு ஆகியவற்றின் மாதப் பங்கையும் சேர்த்துத் தனியே எடுத்து வைத்துப் பார்க்கலாம். தடுமாறினால் சிறிய கார் அல்லது பழைய கார் போதும். பழைய காரானால் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 3522 என்றால் அந்த டயர் 2022-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது.

இரண்டாவது கார், முதலாவதைப் போலவே இருக்க வேண்டும் என்பதில்லை. நீண்ட பயணத்துக்கு ஒரு கார் ஏற்கெனவே இருந்தால், மற்றது அன்றாடக் குறுகிய ஓட்டத்துக்கு உதவினால் போதும். ஆனால் குழந்தை எந்தக் காரில் போகும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். இரண்டிலும் என்றால் குழந்தை இருக்கை இரண்டிலும் சரியாகப் பொருந்த வேண்டும்.

கடைசி மாதத்தில் அவசரமாக வாங்குவது மற்றொரு பிழை. கார் கைக்கு வரத் தாமதமாகலாம். குழந்தையும் குறித்த நாளுக்குக் காத்திருக்காது. எதிர்பார்க்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே இருக்கையைப் பொருத்தி, அதன் சாய்வைக் கையேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிடலாம். மிகவும் நிமிர்ந்திருந்தால் பச்சிளங்குழந்தையின் தலை முன்னால் சாய்ந்து, மோவாய் மார்பில் படிந்து, மூச்சுக்குழல் அடைபட வாய்ப்புண்டு.