லீவுக்கு முந்தின நாள் கிளாஸ்ல என்ன பண்றது? புதுசா வர்ற டீச்சருக்கு ஒரு செய்முறை

லீவு விடறதுக்கு முந்தின நாள் புக்கை எடுங்கன்னு சொன்னா ஒரு பிள்ளையும் எடுக்காது. நானும் முதல் வருஷம் கத்திப் பாத்து தொண்டை கட்டினதுதான் மிச்சம். இப்பல்லாம் அன்னிக்கு துப்புச்சீட்டு வேட்டைதான்: ஒரு சீட்டுல இருக்கிற துப்பை வாசிச்சு, அடுத்த சீட்டு எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடிக் கண்டுபிடிக்கணும்.

முதல்ல ஒரு ஏ4 பேப்பரை மூணு தடவை மடிச்சு வெட்டுங்க, 8 சீட்டு கிடைக்கும். ஒரு குழுவுக்கு 4 சீட்டு போதும், நாலு பிள்ளைங்க ஒரு குழு, ஆளுக்கு ஒண்ணு சத்தமா வாசிக்கணும், இல்லன்னா நல்லா வாசிக்கிற பிள்ளையே எல்லாத்தையும் வாசிச்சு முடிச்சிடும்.

அடுத்து துப்பு எழுதறது, இங்கதான் விஷயமே இருக்கு. "கதவுக்குப் பின்னால் தேடாதே, ஜன்னல் பக்கம் போ" இப்படி எழுதுங்க. தமிழ்ல வினை கடைசியிலதானே வருது, பாதி வாசிச்சிட்டு ஓடற பிள்ளை நேரா கதவுக்குப் போய் நிக்கும். என் கிளாஸ்ல ஒருத்தன் ரெண்டு தடவை கதவைத் திறந்து திறந்து பாத்துட்டு, திரும்ப வந்து சீட்டுல விரல் வச்சு மெதுவா "தே...டா...தே"ன்னு வாசிச்சான். அதுக்கப்புறம் அவன் எந்தச் சீட்டையும் பாதியில விடல.

ஒவ்வொரு சீட்டு மூலையிலயும் ஒரு எழுத்து: வி, டு, மு, றை. நாலையும் சேத்தா விடுமுறை. கூடவே ஒரு போலிச் சீட்டுல 'ரை' எழுதி ஒளிச்சு வைங்க, ர-ற சண்டை தானா ஆரம்பிக்கும் :) குழுவுக்கு ஒரு கலர் பேப்பர் குடுத்து இடத்தையும் மாத்தி வைக்கணும், நான் மறந்துட்டேன், மொத்த கிளாஸும் ஒரே ஜன்னல்ல குவிஞ்சிடுச்சு.

ஓடி முடிச்சு மூச்சு வாங்கறப்ப உக்கார வச்சு செய்ய வாக்கியம் கோர்க்கறது. இங்கிலீஷ் வொர்க்‌ஷீட்டைப் பாத்து அப்படியே செஞ்சா சொதப்பும், ஏன்னா தமிழ்ல வார்த்தையை இடம் மாத்தினாலும் பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். அதனால "நாங்கள் / நாளைக்குக் / கடற்கரைக்குப் / போவோம்"னு ஒற்றோட எழுதி வெட்டுங்க. க் பாத்து கடற்கரை, ப் பாத்து போவோம்னு பெரிய பிள்ளைங்க கண்டுபிடிச்சிடுவாங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு ஒற்றே வேணாம், எந்த வரிசையில வச்சாலும் சரின்னு விட்டுடுங்க.

அப்புறம் 'நாங்கள்' சீட்டை எடுத்துட்டு நான், அவள், அவர்கள்னு மாத்தி வைங்க, போவேன், போவாள், போவார்கள்னு கடைசிச் சீட்டையும் அவங்களே மாத்தணும். நடுவுல 'நாய்க்குட்டி'ன்னு ஒண்ணு போடுங்க, போவான்னு ஒருத்தன் போவாள்னு இன்னொருத்தி கத்துவாங்க, போகும்னு வர்றதுக்கு கொஞ்ச நேரம் ஆகும். நாய்க்குட்டிகள்னு போட்டாலும் அதே போகும்தான், அதையும் கேட்டுப் பாருங்க.

வாழ்த்து அட்டை எழுதறதும் செய்யலாம், ஆனா பாதிப் பேர் படம் வரைஞ்சே பீரியடை ஓட்டிடுவாங்க, அதனால மூணு வரி எழுதினப்புறம்தான் கலர் பென்சில் குடுப்பேன்.

சீட்டெல்லாம் தூக்கிப் போட்றாதீங்க, ஒரு கவர்ல வைங்க. லீவு முடிஞ்சு வந்த முதல் நாள் 'நாளைக்குக்' சீட்டை எடுத்துட்டு 'நேற்றுக்' வச்சு மேசையில பரப்பிடுங்க, போவோம் எப்படி போனோம் ஆகுதுன்னு அவங்களே சொல்லட்டும்.