புது லித்தியம் செல்: முதல் சார்ஜுக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரி கட்ட வாங்கிய லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்களின் பெட்டியைப் பிரித்து நான்கு செல்லிலும் மல்டிமீட்டர் வைத்தால் 3.29, 3.29, 3.30, 3.29 என்று காட்டும். 'எல்லாம் ஒரே வோல்ட்தானே, பேலன்ஸ் (எல்லா செல்லையும் ஒரே அளவு நிரம்பியதாக்குவது) எதற்கு?' என்று நேராக சீரீஸில் (ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸோடு) கோத்து சார்ஜரை மாட்டிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதன் பிள்ளைகள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லின் வோல்டேஜ் நடுப்பகுதியில் ஏறக்குறைய அசையாமல் இருக்கும். 50 சதவீதம் நிரம்பிய செல்லையும் 60 சதவீதம் நிரம்பிய செல்லையும் பிரித்துக் காட்டுவது சில மில்லிவோல்ட்தான். ஏற்றத்தாழ்வு வெளியே தெரிவது 3.4 வோல்ட்டுக்கு மேலே போனபிறகு. அங்கே வோல்டேஜ் செங்குத்தாக ஏறும். அதிகம் நிரம்பிய செல் முந்திக்கொண்டு முழு சார்ஜ் எல்லையான 3.65 வோல்ட்டைத் தொடும், பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) சார்ஜை வெட்டிவிடும். மற்ற மூன்றும் அரைகுறையாக நிற்கும்.

'பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) மாட்டி இரண்டு நாள் விட்டால் தானாகச் சமமாகிவிடும்' என்பது அடுத்த நம்பிக்கை. கரண்ட் ஓட வோல்டேஜ் வித்தியாசம் வேண்டும். இங்கே இருப்பதே சில மில்லிவோல்ட் என்பதால், கொஞ்சம் கசிந்து அப்படியே ஓய்ந்துவிடும். பேரலலில் வைத்து உச்சிவரை சார்ஜ் ஏற்றினால்தான் அது பேலன்ஸ்.

பிஎம்எஸ் பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 280 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், செல்லின் கொள்ளளவு) செல்லில் 5 சதவீத வித்தியாசம் என்றால் 14 ஏஹெச். சாதாரண பிஎம்எஸ் 50 மில்லி ஆம்ப் அளவில்தான் பேலன்ஸ் செய்யும். 280 மணி நேரம்! அதுவும் செல் உச்சியில் இருக்கும் சொற்ப நேரத்தில் மட்டுமே அது வேலை செய்யும் என்பதால், மாதக்கணக்கில் இழுக்கும்.

எடுத்த எடுப்பிலேயே நான்கையும் பேரலலில் போட்டு 10 ஆம்ப் பவர் சப்ளையைக் கொடுப்பதும் வீண் காத்திருப்பு. பாதி காலியான நான்கு செல்லுக்கு 560 ஏஹெச் ஏற்ற வேண்டும், 56 மணி நேரம் ஆகும். பேலன்ஸுக்காக இல்லை, நேரத்தை மிச்சப்படுத்த மட்டும் முதலில் சீரீஸில், பிஎம்எஸ்ஸோடு, ஏதாவது ஒரு செல் 3.65-ஐத் தொட்டு வெட்டும்வரை ஏற்றுங்கள். சில மணி நேரம் ஆறவிட்டு, வோல்டேஜ்கள் நெருங்கி வந்தபின் பேரலலுக்கு மாற்றுங்கள்.

மாற்றும்போதுதான் ஆபத்து. சீரீஸில் செல்கள் பிளஸ், மைனஸ் என்று மாறிமாறித் திரும்பியிருக்கும். பேரலலில் எல்லா பிளஸ்ஸும் ஒரே பக்கம் வர வேண்டும். ஒரு செல்லைத் திருப்ப மறந்தால் நேரடி ஷார்ட், அதுவும் ஆயிரம் ஆம்ப் தரக்கூடிய செல்லில். ஸ்பேனரின் கைப்பிடிக்கு டேப் சுற்றுங்கள், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். ஒவ்வொரு பஸ் பாரையும் (செல் முனைகளை இணைக்கும் உலோகப் பட்டை) வைக்கும் முன், அது இணைக்கப்போகும் இரண்டு முனைகளுக்கும் நடுவில் மீட்டரை வைத்துப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் மட்டும் மாட்டுங்கள்.

பவர் சப்ளையைச் செல்லில் இணைப்பதற்கு முன்பே அதன் வோல்டேஜ் குமிழை 3.65-இல் வைத்துவிட வேண்டும். அதன் டிஸ்ப்ளேயை நம்பாமல் மல்டிமீட்டரால் சரிபாருங்கள். அதன்பின் அந்தக் குமிழைத் தொடவே கூடாது. மெல்லிய வயரும் கிளிப்பும் போட்டால் 10 ஆம்ப் வர வேண்டிய இடத்தில் 6 வரும். உடனே கை துறுதுறுக்கும், வோல்டேஜை 3.9-க்கு ஏற்றிவிடுவார்கள். கடைசியில் செல் நிரம்பி கரண்ட் குறையும்போது வயரில் இழந்த வோல்டேஜும் மறைந்து, அந்த 3.9 முழுசாகச் செல்லின் தலையில் இறங்கும். தடிமனான, குட்டையான வயரும் லக்கும் (வயர் நுனியில் பொருத்தி நட்டால் இறுக்கும் உலோக வளையம்) போடுவதுதான் இதற்கு வழி.

மீட்டர் மணிக்கணக்கில் 3.4 பக்கமே நிற்கும். பிறகு திடீரென்று ஏறும். அதனால் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். 3.65-இல் கரண்ட் பூஜ்யத்தை நெருங்கியதும் கழற்றிவிடுங்கள், நாள்கணக்கில் அப்படியே பிடித்து வைக்கத் தேவையில்லை. கழற்றியபின் வோல்டேஜ் 3.4-க்குக் கீழேகூட இறங்கலாம். அது இயல்பு, மறுபடி ஏற்றாதீர்கள். (இந்த எண்கள் எல்லாம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மட்டும். 4.2 வோல்ட்வரை ஏறும் மற்ற லித்தியம் செல்லுக்குக் கணக்கே வேறு.)

திரும்ப சீரீஸில் கோத்து சார்ஜ் போட்டதும் ஒரு செல் மட்டும் கூடுதலாகக் காட்டினால் உடனே பேலன்ஸைக் குறை சொல்லாதீர்கள். சார்ஜரை நிறுத்திப் பாருங்கள். அந்த நொடியே மற்றவற்றோடு சேர்ந்துகொண்டால், பெரும்பாலும் அங்கே நட் லூஸாக இருக்கும், இல்லை பஸ் பாருக்கு அடியில் ஆக்சைடு படிந்திருக்கும்.